காலியாக விட்ட ஏழாவது கேள்வி

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் ஒழுங்காக நிரப்பிவிடுவார்கள். பெயர், அப்பா பெயர், ஆண்டு வருமானம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், வங்கிக் கணக்கு எண் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். ஏழாவது கேள்விக்கு வரும்போது பேனா நின்றுவிடும். ‘பிறருக்கு நீங்கள் செய்துவரும் உதவிகளைப் பற்றி எழுதவும்.’ கீழே பத்து வரிக்குக் காலி இடம்.

எங்கள் சித்தப்பா நினைவாக வட சென்னைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கல்வி உதவித்தொகையின் முதல் படிவத்தில் இருந்த கேள்வி அது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும், அடுத்தவருக்குத் தோள் கொடுக்கிற பிள்ளையாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தவருக்குத்தான் அந்தப் பணம். முதலாவதைக் காட்ட வருமானச் சான்றிதழ் இருக்கிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் கையெழுத்தோடு வந்துவிடும். இரண்டாவதுக்கு எந்த அலுவலகத்திலும் சான்றிதழ் கிடையாது.

அந்தப் பத்து வரியை நிறைத்து எழுதுகிறவர்கள் உண்டு. என்எஸ்எஸ் முகாம், ரத்ததானம், கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கிய நிகழ்ச்சி, கூடவே சான்றிதழ் நகலும் போட்டோவும். அவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து முகாமுக்குப் போன பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் கல்லூரி ஏற்பாடு செய்து, பேராசிரியர் வருகைப் பதிவு எடுத்து, பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட உதவி மட்டுமே காகிதத்தில் ஏறுகிறது. மற்றதெல்லாம் ஏறுவதில்லை.

காசிமேட்டிலிருந்து ஒரு பெண் விண்ணப்பித்திருந்தாள். பி.காம். முதலாமாண்டு. அம்மா மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற வேலை. ஏழாவது கேள்விக்கு எதிரே ‘ஒன்றும் இல்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். நானும் சித்தியும் அவள் வீட்டைப் பார்க்கப் போனோம். ஹவுசிங் போர்டு பிளாக், இரண்டாவது மாடி. மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஏறவே முடியவில்லை, அவ்வளவு பிள்ளைகள். சின்னதும் பெரியதுமாக நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து போர்டாக்கி, அதில் பின்னக் கணக்கு எழுதியிருந்தது. தலைக்கு மேலே ஒரு எல்இடி பல்பு. அதன் வயர் அவள் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போனது. மீட்டர் ஓடுவது அவர்கள் வீட்டில்.

“இத ஏம்மா ஃபார்ம்ல எழுதல?” என்று சித்தி கேட்டார்.

“இதெல்லாம் ஹெல்ப்பா ஆன்ட்டி? பசங்க கீழ ரோட்ல ஓடிக்கினு இருந்துச்சுங்க. லாரி வர்ற ரோடு. அதான் புடிச்சி குந்த வெச்சேன்.”

நாங்கள் பேசுவதைக் கேட்டுக் கீழ்வீட்டு ஆயா மேலே வந்தார். அவருக்குச் சர்க்கரை. மாதாமாதம் ஸ்டான்லிக்குக் கூட்டிப்போய், ஓ.பி. சீட்டு வாங்கி, மாத்திரை வரிசையில் நிற்பது இந்தப் பெண்தான். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஸ்டான்லியை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1780களில் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. அந்த ஆயா சொன்னதை எல்லாம் இங்கே எழுத இடம் போதாது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, “ஆயா, போதும் போ,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் படிவத்தில் அந்தக் கேள்வி இப்போது இல்லை. அதற்குப் பதிலாக, ‘உங்கள் தெருவில் உங்களை நன்றாகத் தெரிந்த, உறவினர் அல்லாத மூன்று பேர்’ என்று கேட்கிறோம். மளிகைக் கடை அண்ணாச்சி, இஸ்திரி போடுகிறவர், பால்வாடி ஆயா, யாராக இருந்தாலும் சரி. நாங்கள் போய்ப் பேசிக்கொள்கிறோம்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே இருந்தவர். தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளி. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் என்பதைத் தாத்தா பெருமையாகச் சொல்வாராம். சித்தப்பா எஸ்எஸ்எல்சியில் நல்ல மார்க். பியூசிக்கு இடமும் கிடைத்தது. பணம் கட்ட வேண்டிய வாரத்தில் வீட்டில் பணம் இல்லை. ஹார்பரில் வேலைக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் வருத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஹார்பரிலிருந்து வந்து குளித்துவிட்டு, வீட்டு வாசலில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மேசையில் கோந்து பாட்டில், ஸ்டேப்ளர், குண்டூசி டப்பா, கைநாட்டு வைக்கிறவர்களுக்கு ஒரு ஸ்டாம்ப் பேடு, மை துடைக்க ஒரு பழந்துணி. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், பேங்க் செலான், பள்ளிக்கூட அட்மிஷன் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் எழுதிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார். டீ வாங்கி வந்தால் குடிப்பார். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நகல்களை அடுக்கிக் கொடுப்பேன். ஒருநாள் படிவம் நிரப்ப வந்த ஒரு அம்மாவிடம், “உங்க வீட்டுக்காரர் எங்க இருக்காரு?” என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா போன பிறகு சித்தப்பா மெதுவாகச் சொன்னார்: “பாப்பா, ஃபார்ம்ல இல்லாத கேள்விய நாம கேக்கக் கூடாது. வந்தவங்க கதை அவங்களோடது.”

2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டார். எடுத்துப்போகும்போது தெருவே கதவிடுக்கில் நின்று பார்த்தது, வெளியே வர முடியவில்லை. கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். பூக்கட்டுகிற அக்கா, ஆட்டோ ஓட்டுகிறவர், கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு முதியவர். வந்து உட்கார்ந்து, அவர் எழுதிக்கொடுத்த ஏதோ ஒரு படிவத்தின் கதையைச் சொல்லிவிட்டு, எழுந்து போகும்போது சித்தி கையில் ஐந்நூறோ இருநூறோ வைத்துவிட்டுப் போனார்கள். அப்போது காரியத்துக்குக் கொடுக்க முடியாததை இப்போது கொடுக்கிறோம் என்றார்கள். சித்தி அதைத் தொடவில்லை, அரிசி டப்பா மேலே ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். அன்னதானம் செய்யலாமா, கோயிலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது சித்திதான் முடிவாகச் சொன்னார். “அன்னிக்கு அவருக்கு ஃபீஸ் கட்ட ஆள் இல்ல. இந்தத் துட்ட அதுக்கே வெச்சுக்கலாம்.” சித்தப்பாவோடு ஹார்பரில் வேலை பார்த்தவர்களும் உறவினர்களும் மேற்கொண்டு போட்டார்கள். அப்படித்தான் தொடங்கியது.

ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், சரி. நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைக்குக் கொடுப்பதுதானே வழக்கம், ‘உதவி செய்கிற’ என்று எதற்கு ஒரு நிபந்தனை? இதை என்னிடம் நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா குணத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று வைத்ததுதான் முதலில். வீடு வீடாகப் போய்ப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறொரு காரணம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது.

உதவி செய்ய நேரம் வேண்டும். காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை அந்த நேரத்தைத் தன் ஓய்விலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஓய்வு என்று தனியாக ஒன்று கிடையாது. காசிமேட்டுப் பெண் ஆறு மணியிலிருந்து எட்டரை வரை மாடிப்படியில். பிறகு சமையல். அவளுடைய சொந்தப் படிப்பு தொடங்கும்போது மணி பத்து தாண்டிவிடுகிறது. ஆயாவை ஸ்டான்லிக்குக் கூட்டிப்போகிற நாளில் கல்லூரிக்கு லீவு. பரீட்சை எழுத வருகைப் பதிவு வேண்டும் என்பதால் அந்த லீவுக்கும் ஒரு விலை இருக்கிறது.

வீட்டில் பணம் முட்டும்போது இந்தப் பிள்ளைகள் பகுதிநேர வேலைக்குப் போகிறார்கள். பையன்களுக்குக் கேட்டரிங் வேலை. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவது. இல்லாவிட்டால் நண்பனின் வண்டியில் சாப்பாடு டெலிவரி. பெண்களுக்குத் தீபாவளி நேரத்தில் எம்.சி. ரோடு துணிக்கடைகள். அந்த வேலைக்கான நேரம் எங்கிருந்து வரும்? மாடிப்படி வகுப்பு நிற்கும், அல்லது சொந்தப் படிப்பு நிற்கும். உதவும் குணமுள்ள பிள்ளை பெரும்பாலும் சொந்தப் படிப்பைத்தான் நிறுத்துகிறது. சின்னப் பிள்ளைகளிடம் போய் “நாளையிலிருந்து வராதீங்க” என்று சொல்ல அதற்கு வாய் வராது. நாம் கொடுக்கும் உதவித்தொகை அந்தப் பகுதிநேர வேலையின் சம்பளத்துக்கு ஈடானால் போதும், அந்த நேரம் அந்தப் பிள்ளையிடமே இருக்கும். இதுதான் என் கணக்கு.

ஹார்பரில் வேலை பார்த்தவர் என்பதால் சித்தப்பாவுக்கு ராமானுஜன் மேல் தனிப் பாசம். “நம்ம ஆபீஸ் ஆளு” என்பார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கிலேயே மூழ்கி ஆங்கிலத்தில் தோற்றதால் அந்த உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் தேர்வில் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா ஆனார், மாதம் 30 ரூபாய் சம்பளம். ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது, டிகிரி இல்லாதவருக்கு. அதற்குப் பிறகு அவர் பேரேடு எழுத வேண்டியிருக்கவில்லை, நாள் முழுக்கக் கணக்குப் போடலாம். ஹார்பரில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் தானே கணிதம் தெரிந்தவர். பக்கத்தில் உட்கார்ந்து இவர் என்ன எழுதுகிறார் என்று பார்த்தவர். மார்க் ஷீட்டைப் பார்த்திருந்தால் யாரும் ராமானுஜனைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். அன்றாடம் பார்த்த ஒருவர் சாட்சி சொன்னதும் வழி திறக்க உதவியது. தெருவில் மூன்று பேரைக் கேட்கிறோமே, அந்த யோசனைக்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

அரியர் வைத்தால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்பது பல இடங்களில் விதி. எங்களிடம் அது இல்லை. எண்ணூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், பி.எஸ்சி. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அவர்கள் பகுதியில் தண்ணீர் புகுந்தது. அது வெறும் மழைத் தண்ணீராகவும் இல்லை. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவி, படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. இவன் மாமாவின் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டு பால் பாக்கெட்டும் குடிதண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தான். நடக்க முடியாதவர்களை ஏற்றி வந்தான். தண்ணீர் வடிந்த பிறகும் வீடு வீடாகப் போய் எண்ணெய் துடைத்தான். அவன் புத்தகப் பை கட்டிலுக்கு அடியில் ஊறிப்போயிருந்தது. அந்த செமஸ்டரில் இரண்டு அரியர். குழுவில் ஒருவர், விதி என்று ஒன்று வேண்டாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எந்தக் காரணத்துக்காக ஒருவனைத் தேர்ந்தெடுத்தோமோ அதே காரணத்துக்காக அவனைத் தண்டிக்க முடியாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். பணம் தொடர்ந்தது. ஒரு பேப்பரை முடித்துவிட்டான், இன்னொன்று பாக்கி இருக்கிறது.

தேர்வு செய்வதில் எங்களுக்குள் நடந்த பெரிய விவாதம் பெண் பிள்ளைகளைப் பற்றியது. இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் வேறு யாராவது இப்படி ஒரு உதவித்தொகை தொடங்கினால் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்வார்கள்.

வியாசர்பாடியில் ஒரு பையன். விடியற்காலையில் தெருப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய் ஃபுட்பால் கற்றுக்கொடுக்கிறான். அங்கே ஃபுட்பால் என்றால் உயிர். அவனைப் பற்றிக் கேட்டால் டீக்கடையில் இருக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அதே ஆண்டில் ஒரு பெண்ணும் விண்ணப்பித்திருந்தாள். அவளைப் பற்றித் தெருவில் கேட்டால், “நல்ல பொண்ணு, வெளிய தல காட்டாது” என்பதோடு முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போனால், படுக்கையில் கிடக்கும் பாட்டி, வேலைக்குப் போகும் அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு தம்பிகள், எல்லோரையும் பார்ப்பது அவள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்று வந்த பெண்ணுக்கும் லாரித் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது அவள். குழுவில் இருந்த ஒரு பெரியவர் சொன்னார்: “சொந்த வூட்டு வேலதானேம்மா, அது எப்படி சேவையாகும்?”

சித்தி அதுவரை பேசாமல் இருந்தவர். “பொண்ணு தண்ணி தூக்குனா அது வேல. பையன் தூக்குனா அது உதவி. அப்படித்தானேண்ணா?” என்று கேட்டார்.

அந்தப் பெரியவர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். இப்போது எங்கள் நடைமுறை இதுதான்: வீட்டுக்கு வெளியே செய்யும் உதவியை முதலில் பார்ப்போம். ஆனால் வீட்டுப் பொறுப்பை முழுக்கச் சுமக்கிற பெண்ணிடம் வெளியுதவி குறைவாக இருப்பதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள மாட்டோம். பெண் பிள்ளை என்றால் தெருவில் ஆண்களிடம் கேட்க மாட்டோம், தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் மாடிப்படியிலும் பெண்களிடம் கேட்போம். பதில் வேறு மாதிரி வருகிறது.

தெருவில் விசாரிப்பதற்கும் ஆபத்து உண்டு. குழாயடிச் சண்டையில் முகம் திருப்பிக்கொண்டவர் பிள்ளையைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவார். சாதியும் நாக்கின் நுனியில் வந்து நிற்கும். யார் வீட்டுப் பெண் யாரோடு பேசியது என்பதெல்லாம் கேட்காமலே வரும். அப்போது சித்தப்பா சொன்னதை நினைத்துக்கொள்வேன். படிவத்தில் இல்லாததைக் காதில் வாங்க மாட்டோம்.

பணம் எப்போது கைக்குப் போகிறது என்பது எவ்வளவு பணம் என்பதைவிட முக்கியம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அரசு நிவாரணம் கொடுக்கிறது, ஆனால் படகில் போகிறவருக்கு வேலை நின்றால் ஐஸ் உடைக்கிறவருக்கும் மீன் வெட்டுகிறவருக்கும் கூடை சுமக்கிறவருக்கும் சேர்த்தே நிற்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வருவது மே மாதம். கல்லூரியில் இடம் பிடிக்க வேண்டியதும் பணம் கட்ட வேண்டியதும் மே, ஜூன். காசிமேட்டில், ராயபுரத்தில், திருவொற்றியூர்க் குப்பங்களில் வருமானமே இல்லாத இரண்டு மாதமும் பிள்ளைக்குப் பணம் கட்டும் இரண்டு மாதமும் ஒன்றாக இருக்கிறது. தண்டல்காரரிடம் கடனுக்குப் போகிறார்கள். பிடித்தம் போகக் கையில் வாங்கிய நாளிலிருந்து தினம் ஒரு தொகையை வாசலில் வந்து வாங்கிப் போவார். அதற்கும் வழியில்லாவிட்டால் அம்மாவின் கம்மல் அடகுக்கு.

உதவித்தொகைகளில் பெரும்பாலானவை பிள்ளை கல்லூரியில் சேர்ந்து, போனஃபைடு வாங்கி, இணையத்தில் பதிந்து, சரிபார்ப்பு முடிந்து, பல மாதம் கழித்து வருகின்றன. அரசுத் திட்டங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவை இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கல்லூரி வாசலைப் பார்த்திருக்க மாட்டார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது எங்கள் பாரதி மகளிர் கல்லூரியில்தான். 2024-ல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்தது. முதல் பட்டதாரி சலுகை, ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான உதவித்தொகை எல்லாம் இருக்கின்றன. விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு இவற்றில் எது எது கிடைக்கும் என்று பார்த்து, விடுபட்டதற்கு எழுதிக்கொடுப்பதும் எங்கள் வேலை. ஆதாரை வங்கிக் கணக்கோடு இணைக்காததால் வர வேண்டிய பணம் வராமல் நிற்கிற பிள்ளைகள் ஏராளம். அதைச் சரிசெய்தாலே சில பிள்ளைகளுக்கு எங்கள் பணத்தைவிடப் பெரிய தொகை கிடைத்துவிடுகிறது. சித்தப்பாவின் மடக்கு மேசை இப்போது இதற்குப் பயன்படுகிறது.

எங்கள் பணம் மே மாதமே போகிறது. அதற்காக வங்கி வைப்புத்தொகையின் வட்டி ஏப்ரலில் கைக்கு வரும்படி தேதி பார்த்துப் போட்டிருக்கிறோம். இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 7,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 21,000 கொடுக்க வேண்டுமென்றால் மூன்று லட்சம் முதலாக இருக்க வேண்டும். டிகிரி மூன்று வருஷம். ஆகவே ஒருவருக்குக் கொடுக்க ஆரம்பித்தால் மூன்று வருஷமும் கொடுக்க வேண்டும். முதல் வருஷ உற்சாகத்தில் ஐந்து பேருக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் கையை விரிப்பதைவிட, ஒரே பிள்ளைக்கு மூன்று வருஷம் கொடுப்பது நல்லது. முதலைத் தொடக் கூடாது என்பதை எழுதியே வைத்துவிட வேண்டும்.

காகிதம் சரியாக இருக்க வேண்டும் என்பதில் சித்தப்பாவிடம் வளர்ந்த எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பச்சையப்ப முதலியார் 1794-ல் இறந்தார். பெரும் சொத்தைத் தர்மத்துக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போனவர். அந்தப் பணம் வழக்கிலும் தகராறிலும் சிக்கி, அவர் பெயரில் பள்ளிக்கூடம் எழும்பியது 1842-ல். இடையில் நாற்பத்தெட்டு வருஷம். எத்தனை பிள்ளைகள் படிக்காமலே கிழவர்களாகிப் போயிருப்பார்கள்! எங்களுடையது சின்னத் தொகைதான். இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளையாகப் பதிந்து, பான் எண் வாங்கி, வருமான வரித்துறையில் வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுக்கு ஆடிட்டரைப் பார்த்துச் செய்தோம். சித்திக்குப் பிறகு யார், அவருக்குப் பிறகு யார் என்பதும் பத்திரத்தில் இருக்கிறது.

பணம் கொடுப்பதற்கு விழா எடுப்பதில்லை. மேடை, சால்வை, பெரிய அட்டையில் எழுதிய காசோலை எதுவும் கிடையாது. பெற்றோரை முன்வரிசையில் உட்காரவைத்து, ‘ஏழ்மை நிலையிலும்’ என்று மைக்கில் சொல்லும்போது அந்த அப்பாவின் முகத்தை நான் வேறு விழாக்களில் பார்த்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகளின் பெயரைத் தெருவிலும் சொல்வதில்லை. கணக்கில் பணம் ஏறும், சித்தி போன் செய்து “வந்துச்சாம்மா?” என்று கேட்பார், அத்தோடு சரி.

நன்கொடை கொடுக்கும் நல்ல உள்ளம் கொண்ட ஒருவர் ஒரு யோசனை சொன்னார். மாதம் இத்தனை மணி நேரம் சேவை செய்ய வேண்டும், அதற்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்று வைத்தால் பணத்துக்குக் கணக்கு இருக்குமே என்றார். நாங்கள் அவரிடம் முடியாது என்று பணிவாகச் சொல்லிவிட்டோம். தானாக மாடிப்படியில் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்த பெண்ணிடம் மணிக்கணக்குக் கேட்டால், நாளைக்கு அவள் ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்கு முன் எங்கள் ரிஜிஸ்டரை நினைப்பாள். அவளுக்குப் பரீட்சை நேரத்தில் ஒரு மாதம் வகுப்பை நிறுத்தத் தோன்றினால் நிறுத்தட்டும். களைத்துப்போனால் தூங்கட்டும். அந்த உரிமையும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம்.

இந்த ஆண்டு ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறோம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பையன்களில் நிறைய பேர் அந்தப் பக்கம்தான் போகிறார்கள், அவர்களைத் தேடி வரும் உதவித்தொகை குறைவு. பத்தாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போய்விட்டு, திரும்பப் படிக்க வருகிறவர்களுக்கும் இடம் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. குழுவில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வட சென்னையில் இருந்து இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையை விண்ணப்பிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ‘எனக்கு எதுக்குண்ணா, வேற யாருக்காவது குடுங்க’ என்றுதான் சொல்லும். சித்தப்பா வீட்டைத் தெரிந்தவர்கள் வழியாக நீங்களே எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள், மார்ச் மாதத்துக்குள். பிள்ளையின் பெயரும் தெருவும் போதும், மீதியை நாங்கள் நடந்துபோய் விசாரித்துக்கொள்கிறோம்.